ஒரு வரிக் கடிதத்துக்கு நான்கு பக்க வால்

குடிநீர் அலுவலகத்தின் ஏஐ-க்குப் புத்தி பிசகிவிட்டது என்று ஊரெல்லாம் பேச்சு. குழாயில் புழு வருகிறது என்று எழுதிப் போட்டால், பதிலின் கடைசியில் "இரு சக்கர வாகனங்களை வாசலுக்கு இடப்புறம் நிறுத்தவும்" என்று புத்திமதி வருகிறதாம். வதந்தியில் நூற்றுக்குத் தொண்ணூறு பொய். இது மிச்சம் பத்தில் சேருமா என்று விசாரிக்கப் போனேன். ஏழு பதில் கடிதங்கள் கைக்குக் கிடைத்தன. ஏழிலும் இடப்புறம்தான்.

காரணம் தரைத்தளத்துத் தபால் அறையில் உட்கார்ந்திருந்தது. வயது ஐம்பத்திரண்டு. இருபத்திரண்டு வருடமாக மனுக்களைப் பிரித்து அனுப்பும் அம்மாள். அலுவலகம் வைத்த பெயர் சல்லடை.

"போன மாசம் வந்திருந்தீங்கன்னா, ஏழு லெட்டரையும் பாத்ததே இல்லன்னு சொல்லியிருப்பேன்," என்றார். "இப்ப எழுதிக்கோங்க."

கதை இதுதான். எல்லா மனுக்களுக்கும் பதில் எழுத மேலாளர் முதலில் ஒரு பெரிய ஏஐ மாடலை அமர்த்தினார். ஆபீஸ் எத்தனை மணிக்குத் திறக்கும் என்ற கேள்விக்கும் அது ஞானியின் கூலியை வாங்கியது. பில்லைப் பார்த்த மேலாளருக்கு வியர்த்துவிட்டது. உடனே மலிவாக ஒரு சின்ன மாடல். இரண்டுக்கும் நடுவே ஒரு வாயில்காப்பான் மென்பொருள். சுலபமான மனு சின்னதற்கு, சிக்கலானது பெரியதற்கு. சிக்கலை அது எப்படி அளக்கும்? விற்க வந்தவர் நாற்பது படம் காட்டி விளக்கினார். மேலாளர் நாற்பதுக்கும் தலையாட்டினார்.

அது வார்த்தைகளை எண்ணியது. அவ்வளவுதான். நூற்றுக்குக் குறைந்தால் சின்னது, கூடினால் பெரியது. சல்லடைக்கு இது நான்கே நாளில் விளங்கிவிட்டது.

"உயிர் போற அவசரத்துல இருக்கறவன் நீட்டி எழுத மாட்டான் சார். பொழுது போகாதவன்தான் ஆறு பக்கம் எழுதுவான். இது என்ன பெரிய ரகசியமா?"

அலுவலக உறையில் பசை போதவில்லை என்று ஆறு பக்கம் எழுதியவருக்காகப் பெரிய மாடல் மூளையைக் கசக்கியது. "தண்ணி மஞ்சளா வருது, குழந்தைக்கு வாந்தி" என்று எழுதிய தாய்க்குச் சின்னது, நிறம் பற்றிய கருத்துக்கு நன்றி தெரிவித்தது.

அன்றுதான் சல்லடை, சுவரில் யாரும் ஒட்டாமல் மூலையில் கிடந்த வாகன நிறுத்த விதிகள் நான்கு பக்கத்தை எடுத்து, கஷ்டமான குட்டிக் கடிதங்களுக்குப் பின்னால் சேர்த்து ஸ்கேன் செய்யத் தொடங்கினார். வாயில்காப்பான் எண்ணிப் பார்த்துக் கும்பிடு போட்டு உள்ளே விட்டது. பெரியது, பாவம், கடமை தவறாதது. குழாய்க்கும் பதில் சொன்னது, வண்டிக்கும் சொன்னது.

பில் மறுபடி ஏறியது. சேட்டை செய்வது யாராக இருந்தாலும் ஊருக்கு வெளியே பம்ப் நிலையத்துக்கு மாற்றல் என்று மேலாளர் அறிவித்தார். அது இரண்டு பஸ் மாறிப் போகிற தூரம். சல்லடையின் கணவர் பக்கவாதத்தில் படுத்திருக்கிறார். மதியம் ஒரு மணிக்கு இவர் ஓடிப்போய்த்தான் ஊட்ட வேண்டும். வீடு அடுத்த தெரு. சல்லடை கையைக் கட்டிக்கொண்டார்.

பத்து நாள் தாங்கியது. பதினொன்றாம் நாள் ஒரு தையற்காரர் கையில் பதிலோடு வந்து நின்றார். அவர் எழுதியது ஒரே வரி: "மூன்று மாதம் வீடு பூட்டிக் கிடந்தது, தண்ணீர் மட்டும் ஓடியிருக்கிறது." சின்ன மாடலின் பதில்: "தங்களுக்குத் தடையின்றித் தண்ணீர் கிடைப்பதில் மகிழ்ச்சி. வெள்ளிக்கிழமைக்குள் பில் பாக்கியைக் கட்டாவிட்டால் இணைப்பு துண்டிக்கப்படும்."

"யாருக்கும்மா மகிழ்ச்சி?" என்றார் தையற்காரர்.

சல்லடை அந்த ஒரு வரிக் கடிதத்தை வெளியே எடுத்தார். நான்கு பக்க வாலை மறுபடி ஒட்டினார். தரைக்கு அடியில் கசிவு இருக்கலாம், துண்டிக்கும் முன் தோண்டிப் பார்க்கவும் என்று பெரியது எழுதியது. தோண்டினார்கள். குழாய் உடைந்து, பாதித் தெரு உள்ளுக்குள் சேறாகிக் கிடந்தது. பதிலின் கடைசி வரி வழக்கம்போல் இடப்புறம்.

அந்த வரி காட்டிக்கொடுத்தது. காலையிலிருந்து சல்லடையை மேலாளர் அறை வாசலில் நிற்க வைத்து, மதியம் உள்ளே கூப்பிட்டார்கள்.

"மெஷின் பிரிக்குது, நடுவுல நீ யாரும்மா?"

"அது எண்ணுது சார், பிரிக்கல." பசைக் கடிதத்தையும் தையற்காரர் கடிதத்தையும் மேசையில் வைத்தார். "இதுல எது சார் கஷ்டம்?"

மேலாளர் தடிமனானதை எடுத்தார். ஆறு பக்கமும் படித்தார். ஆறாம் பக்கத்தில் முகம் உறையைப் போலவே ஒட்டாமல் போயிற்று. அந்நேரம் பார்த்துத் தலைமை அலுவலகத்திலிருந்து போன்: உடைப்பைக் கண்டுபிடித்ததற்குப் பாராட்டு. மேலாளர் எழுந்து நின்று அதை முழுதாக வாங்கிக்கொண்டார்.

மாற்றல் உத்தரவு இழுப்பறைக்குள் போனது. மறுவாரம் சுற்றறிக்கை: "மேலாளரின் புதிய திட்டம். எல்லா மனுவையும் முதலில் மனிதக் கண் பார்க்கும்." அந்தக் கண்ணுக்குக் கூடுதல் ஆளோ சம்பளமோ கிடையாது. எது பெரியதற்கு என்று சல்லடை இப்போது சிவப்பில் ஒரு கோடு போடுகிறார், ஒரு மணிக்கு வீட்டுக்கு ஓடுகிறார்.

வாசலில் நின்ற அந்தக் காலை வேளையை மட்டும், இருக்கையில் ஆள் இல்லை என்று அரை நாள் விடுப்பாகக் கழித்துவிட்டார்கள். திருப்பித் தரச் சொல்லி மூன்று முறை கேட்டாயிற்று.

"பாத்துக்கலாம்மா," என்கிறார் மேலாளர். இன்னும் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறார்.