தொப்பை தள்ளிய டயரும் மூன்றாவது முட்டை லோடும்

ஆம்லெட் வாசனை... காலையில் ஆம்லெட், மதியம் முட்டைக் குழம்பு, ராத்திரி பொடிமாஸ். கொஞ்ச நாள் எங்கள் வீடு முழுக்க அந்த வாசனைதான். வசதி வந்துவிட்டதென்று நினைக்காதீர்கள். எல்லாம் லோடில் உடைந்த முட்டை!

என் வீட்டுக்காரர் நாமக்கல்லில் சொந்தமாக மினி லாரி ஓட்டிக்கொண்டிருந்தார். கோழித்தீவன மூட்டை ஏற்றியே சலித்துப்போன மனுஷனுக்கு ஒருவழியாக வாழப்பாடி வியாபாரி ஒருவரின் முட்டை லோடு கிடைத்தது. அந்தச் சந்தோஷத்தில் பழைய நைலான் டயரைக் கழற்றிவிட்டுப் புது ரேடியல் போட்டார்.

அங்கேதான் வந்தது வினை...

நைலான் டயரில் நூல் அடுக்குகள் ஒன்றுக்கொன்று குறுக்காக ஓடும். பக்கமெல்லாம் விறைப்பாக நிற்கும். ரேடியலில் தரையில் படும் இடத்துக்கு உள்ளே கம்பிப் பட்டை. பக்கம் மட்டும் இளக்கம். காற்று சரியாக இருந்தாலும் லேசாகத் தொப்பை தள்ளித்தான் நிற்கும். குழியில் இறங்கும்போது அதிர்ச்சியை வாங்கிக்கொள்வதே அந்தத் தொப்பைதான்.

இதெல்லாம் இப்போது பேசுகிறேன். அன்று யாருக்குத் தெரியும்?

நைலானிலேயே ஓட்டிப் பழகிய கண்ணுக்கு அது காற்று இறங்கிய டயர். ஸ்பேனரால் ஒரு தட்டு தட்டுவார். பழைய 'டங்' வராது. உடனே பஞ்சர் கடை. தொப்பை மறையும்வரை காற்று!

இரண்டு லோடு அப்படியே போனது. வண்டி குதித்த குதியில் தட்டு தட்டாக உடைசல். "இந்த வாட்டியும் ஒடைஞ்சா வேற வண்டி பாத்துக்கறேம்பா" என்று வியாபாரி முகத்துக்கு நேராகவே சொல்லிவிட்டார்.

மூன்றாவது லோடுக்கு நானும் ஏறிக்கொண்டேன். முந்தின நாள் சக்கர அலைன்மென்ட் பார்த்த கடையில் காற்றைச் சரியான அளவுக்குக் குறைத்துவிட்டிருந்தார்கள். இவர் வழக்கம்போலப் பஞ்சர் கடையில் நிறுத்தினார்... கரண்ட் இல்லை. கம்ப்ரசர் ஓடவில்லை.

"போச்சு புள்ள. இந்தக் காத்துல போனா டயர் வெடிச்சுரும்."

"ஏனுங்க, முட்ட வெயில்ல நிக்குது. ஆனது ஆவட்டும், எடுங்க வண்டிய."

வழிநெடுக இறங்கி இறங்கி, காய்ச்சல்காரப் பிள்ளையின் நெற்றியைத் தொடுவதுபோல டயரைத் தொட்டுப் பார்த்தார். நான் வேண்டாத சாமியில்லை. ஆனால் வண்டி குதிக்கவேயில்லை. வேகத்தடையில்கூட மெத்தென்று ஏறி இறங்கியது.

வாழப்பாடியில் தட்டுகளை இறக்க இறக்க ஒவ்வொன்றாகக் குனிந்து பார்த்தேன். எல்லாம் முழுசு. ஒன்றே ஒன்றில் மட்டும் கீறல். வியாபாரி அதை என் கையில் கொடுத்துவிட்டு, "அடுத்த லோடு வியாழக்கெழமைம்மா" என்றார்.

அப்பாடா!

இவர் வண்டிக்குப் பின்னால் போய் முகத்தைத் துடைத்துக்கொண்டு வந்தார். வேர்வையாம். "அப்ப அம்புட்டும் காத்து பண்ணுன வேலையா புள்ள?"

"ஆமாங்க. நல்லவேள, கரண்ட் போச்சு."

இப்போது டியூப்லெஸ் டயர். பெட்ரோல் பங்க்கில் அளவை அமுக்கினால் காற்று தானாக நின்றுகொள்கிறது. ஆனாலும் ஸ்பேனரால் ஒரு தட்டு தட்டாமல் இவர் வண்டி எடுக்கமாட்டார்.

நேற்று மகள் ஆம்லெட் கேட்டாள். முட்டை லோடு ஓட்டுகிற வீட்டில் ஒரு முட்டை இல்லை! கடைக்குப் போய்க் காசு கொடுத்து வாங்கிவந்தேன்... அவ்வளவு நிம்மதியாக இருந்தது.