நகைக்கடையில் மாட்டிக்கிட்ட போனஸ்

கல்யாணமாகி இருபத்தஞ்சு வருஷம் ஆச்சுன்னு, இன்னிக்கு என் வீட்டுக்காரர் சிராங்கூன் ரோட்டுல ஒரு நகைக்கடைக்குக் கூட்டிட்டுப் போய் எனக்கு ஆரம் எடுத்தார்.

பில் போட்டதும் பையிலிருந்து கட்டுக்கட்டா ரொக்கத்தை எடுத்து வச்சார். எனக்கே அதிர்ச்சி!

கடைப் பொண்ணு ஒரு படிவத்தை நீட்டுச்சு. "அண்ணே, இவ்ளோ ரொக்கம்னா, பணம் எப்படி வந்துச்சுன்னு எழுதணும். கள்ளப்பணத்தைத் தடுக்க சட்டம் இருக்கு."

"இவ முன்னாடியேவா?"ன்னு மெதுவா கேட்டார்.

"பொய் எழுதினா தப்பாயிடும்ணே."

வேர்த்து விறுவிறுத்து எழுதினார்: "நாலு வருஷ போனஸ்."

நாலு வருஷமா கம்பெனி போனஸே தரலைன்னு சொன்ன மனுஷன்!

"உனக்கு சர்ப்ரைஸா இருக்கட்டும்னுதான்மா..."ன்னு இழுத்தார்.

ஆரத்தைப் போட்டுக்கிட்டுத்தான் வீட்டுக்கு வந்தேன்.

இவரைக் கொஞ்சுறதா, திட்டுறதா? நீங்களே சொல்லுங்க.