மூட்டைக்கு மேலே பியூன்

இன்று மத்தியானம் முட்டைக்கோஸ் மூட்டையோடு மூட்டையாக வத்தலக்குண்டு வந்து சேர்ந்தேன்.

நான் இறங்க வேண்டியது வழியிலேயே இருக்கும் எங்கள் ஊர் பெருமாள்மலையில். தங்கச்சியைப் பெண் பார்க்க வருகிறார்கள். அண்ணன் இல்லாமல் பேச்சு நடக்காது. கொடைக்கானலில் பஸ்ஸைத் தவறவிட்டு முட்டைக்கோஸ் லாரியில் ஏறினேன். லோடு மேல் ஆள் ஏற்றினால் கேஸ் என்று டிரைவர் என்னைத் தார்ப்பாய்க்கு அடியில் படுக்கவைத்தார்.

"ஊரு வந்ததும் கேபினைத் தட்டுங்க, நிறுத்துறேன்."

அடுத்த வளைவிலேயே பிரேக் இன்ஸ்பெக்டரின் ஜீப் பழுதாகி நின்றது. எங்கள் லாரியைக் கை காட்டி நிறுத்தினார்.

"ஆள் யாரும் ஏத்தலையே?"

"முட்டைக்கோஸ்தாங்கய்யா."

"அப்ப நானும் வத்தலக்குண்டு வர்றேன்."

அவர் முன்னால் உட்கார்ந்தார். கூட வந்த பியூனுக்கு இடமில்லை. "நீ மேல ஏறிக்க" என்றார்.

பியூன் வந்து சரியாக என் முதுகில் உட்கார்ந்தார்.

பெருமாள்மலை வந்தது. தார்ப்பாய்க் கிழிசல் வழியே எங்கள் வீட்டு வாசலில் மாப்பிள்ளை வீட்டார் நிற்பது தெரிந்தது. தட்டக் கையைத் தூக்கினேன். மூட்டை நெளிந்ததும் பியூன் குனிந்து பார்த்தார்.

"தட்டிராதீங்க தம்பி. லோடு மேல ஆள் இருக்குன்னு தெரிஞ்சா ஐயா கேஸ் எழுதிருவாரு."

"நீங்களும் லோடு மேலதானே இருக்கீங்க?"

"நான் சர்க்கார் ஆளு."

வீடு பின்னால் போயே போய்விட்டது.

இப்போது திரும்ப மலை ஏற ஒரு அரிசி லாரிதான் இருக்கிறது. பெருமாள்மலைக்கும் மேலே நிற்கிற ஜீப்பைப் பழுது பார்க்க மெக்கானிக்கோடு இன்ஸ்பெக்டரும் அதில்தான் போகிறார். பியூன் மூட்டைமேல் துண்டு போட்டு எனக்கும் இடம் பிடித்துவிட்டார்.

நீங்களாக இருந்தால் ஏறுவீர்களா?