குளிருக்குச் சிலிர்த்த கடா

விடியற்காலையில் இறைத்த கிணற்றுத் தண்ணீரை ஒரு செம்பு எடுத்து, சொல்லாமல் கொள்ளாமல் உங்கள் பின்கழுத்தில் யாராவது கவிழ்த்துப் பார்க்கட்டும். உச்சந்தலையில் புறப்படுகிற ஒரு நடுக்கம் தோள் வழியாக இறங்கி, நீங்கள் வேண்டாம் என்றாலும் உடம்பை ஓர் உதறு உதறிவிட்டுத்தான் போகும். எங்கள் ஊரில் அந்த உதறலுக்கு "உத்தரவு" என்று பெயர். ஆடி மாதம் கங்கம்மாவுக்குக் கடா வெட்டுமுன் அதன் தலையிலும் முதுகிலும் மஞ்சள் தண்ணீரை ஊற்றிவிட்டு ஊரே மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கும். கடா ஒரு தரம் "சிலுத்துக்கினா" போதும், அம்மனும் ஒப்புக்கொண்டாள், ஆடும் ஒப்புக்கொண்டது என்று பம்பை முழங்கக் கத்தி இறங்கிவிடும். சிலிர்க்காவிட்டால் இன்னொரு செம்பு ஊற்றுவார்கள். அதற்கும் அசையாவிட்டால் இன்னொன்று. தங்களுக்கு வேண்டிய பதில் வரும்வரை கேட்டுக்கொண்டே இருப்பதற்குப் பெயர் கேள்வியா என்று எனக்கு அந்த வயதிலேயே ஒரு கோபம் உண்டு.

ஆந்திர மாநிலம் தனியாகப் பிரிந்தும், எல்லை எது என்பது மட்டும் முடிவாகாமல் இழுத்துக்கொண்டிருந்த வருடங்கள் அவை. நகரி மூக்குமலை கண்ணுக்குத் தெரிகிற தூரத்தில் எங்கள் ஊர். வீட்டில் தமிழ், சந்தையில் தெலுங்கு, மாட்டை அதட்டுவதற்கு இரண்டும். திருத்தணிப் பக்கம் சென்னையோடு போய்விடும், நாம் இந்தப் பக்கமே நின்றுவிடுவோம் என்று டீக்கடையில் நாள் தவறாமல் வாய்ச்சண்டை நடக்கும். என் தாய்மாமன் ஊர் திருத்தணிக்குப் பக்கத்தில் இருந்ததால் என் அப்பாவுக்கு, நாங்கள் "நைனா" என்று கூப்பிடுவோம், அந்தப் பேச்சைக் கேட்டாலே இருப்புக்கொள்ளாது. "கோடு போட்டுட்டாங்கன்னா வர்றது போறதெல்லாம் அத்துப்பூடும். அதுக்குள்ள ஒறவ முடிச்சு போட்டு வெச்சிறணும்" என்பார். அந்த முடிச்சுக்கு அவர் தேர்ந்தெடுத்த கயிறு என் அக்கா மங்கா.

மாமா கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். முதல் பெண்டாட்டி காய்ச்சலில் போய்விட்டாள், வீட்டில் விளக்கேற்ற ஆள் இல்லை. சொந்தத் தாய்மாமனைக் கட்டிக்கொள்வதும் எங்கள் பக்கத்தில் அதிசயமில்லை, வீட்டுக்கு வீடு உண்டு. தை மாதத்து விடியலில் அத்தைமார்கள் அக்காவைத் தலைக்கு ஊற்றி, ஈரக்கூந்தல் சொட்டச் சொட்ட நடுவீட்டில் நிறுத்தி, "மாமன கட்டிக்கிறியாடி?" என்று கேட்டார்கள். அக்கா தலை குனிந்தாள். "கொயந்த ஒத்துக்கிச்சு" என்று அத்தை சொல்ல, அக்கணமே வெற்றிலை பாக்கு மாற்றியாயிற்று. ஆவணியில் கல்யாணம், அதற்குமுன் ஆடியில் கங்கம்மாவுக்கு ஒரு கடா என்று நேர்ந்துகொண்டு ஒரு கருப்புக் குட்டியை வாங்கி வந்தார் நைனா. அதற்கு வேலிக்கால் தழை ஒடித்துப் போட்டு வளர்த்தவள் நான்.

பள்ளிக்கூடம் திறந்ததும் எங்கள் தமிழய்யா, ஒரு பிராணி தானே பேசுவதுபோல் எழுதிக்கொண்டு வரச் சொன்னார். மற்ற பிள்ளைகள் எல்லோரும் பசுவை எழுதினார்கள். "நான் ஒரு பசு. என் பால் இனிமையானது. என்னை மக்கள் வணங்குகிறார்கள்." அடேயப்பா, எல்லாம் நன்றாகப் படித்த பசுக்கள், வாத்தியார் காதுக்கு இதமாக ஒரே குரலில் பேசின! எனக்கு வீட்டில் கட்டியிருந்த கடாவைத்தான் தெரியும். அது என்ன பேசும் என்று அதன் முகத்தைப் பார்த்துப் பார்த்து அலுத்துப்போய், கடைசியில் ஒரு காலையில் கொட்டகைக்குள் போய் அதன் பக்கத்தில் நாலு காலில் நின்றுகொண்டு, மஞ்சள் கரைத்த செம்பை எடுத்து என் கழுத்தில் நானே கவிழ்த்துக்கொண்டேன். தூக்கிவாரிப் போட்டது. ஆடு சிலிர்ப்பது போலவே, அச்சு அசலாக, நானும் சிலிர்த்தேன். அந்த நடுக்கம் அடங்குவதற்குள் இன்னொன்று வந்தது: ஐயையோ, நான் எதற்கும் சரி என்று சொல்லவில்லையே! இத்தனை வருடமாக எத்தனை ஆடுகள்!

ஈரப் பாவாடையோடு உட்கார்ந்து எழுதியதில் கடைசி நாலு வரி இன்றும் எனக்கு மனப்பாடம். "என் தலையில் தண்ணீர் ஊற்றினார்கள். குளிர்ந்தது, உதறினேன். உடனே எல்லோரும் சந்தோஷமாகக் கத்தினார்கள். நான் இன்னும் ஒன்றுமே சொல்லவில்லை."

வகுப்பில் எழுந்து நின்று அதைப் படித்தேன். தமிழய்யா சாக்பீசைக் கீழே வைத்துவிட்டு, "யாரு சொல்லிக் குடுத்தது இத?" என்றார். "யாரும் இல்லீங்கய்யா, நானே ஊத்திக்கினு பாத்தேன்" என்றேன். அவர் முகம் வெளிறிப்போனது. அந்த ஆடியில் அவர் வீட்டிலும் ஒரு கடா நேர்ந்துகொண்டிருந்தார்கள் என்பது எனக்கு அப்போது தெரியாது. "எனக்கு மார்க் போட தைரியம் இல்லம்மா. உங்க நைனாகிட்ட படிச்சுக் காட்டிட்டு வா" என்று திருப்பிக் கொடுத்துவிட்டார்.

அன்று சாயங்காலம் நைனா முன்னால் நின்று படித்தேன். அம்மா அடுப்படியில், அக்கா முறத்தை மடியில் வைத்து மல்லாக்கொட்டை உரித்துக்கொண்டிருந்தாள். பாதியிலேயே நைனா கன்னத்தில் போட்டுக்கொள்ள ஆரம்பித்துவிட்டார். "தாயே, கொயந்த தெரியாம எழுதிடுச்சு, மன்னிச்சுக்கோ" என்று கங்கம்மா கோயில் பக்கம் பார்த்துக் கும்பிட்டவர், என் பக்கம் திரும்பி, "ஆடு பேசுமாடி? பேசினாலும் ஊரு ஒலகத்த வுட்டுட்டு உங்கிட்டயா வந்து பேசும்?" என்று தாளைப் பிடுங்கிக் கிழித்து அடுப்பில் போட்டார். நான் அழுதேன். அக்கா கொட்டை உரிப்பதை நிறுத்திவிட்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மறுநாள் கிணற்றடியில் அவள் கேட்ட முதல் கேள்வி, "அதுக்குக் குளுருச்சுன்னு உனுக்கு எப்பிடிடி தெரியும்?" என்பதுதான். செம்புக் கதையைச் சொன்னேன். சிரிப்பாள் என்று பார்த்தால், கயிற்றைப் பிடித்தபடி அப்படியே நின்றுவிட்டாள். "அன்னிக்கு எனக்கும் தல ஈரம். கூந்தல் கனத்துச்சு, தல சாஞ்சுது. நான் இன்னும் ஒண்ணுமே சொல்லலடி" என்றாள். என்னைத் தேள் கொட்டினாற்போல் ஆயிற்று. என் ஆட்டின் வாக்கியம் அக்காவின் வாயில்! "தோளு மேல தூக்கிக்கினு போயி தேரு காட்டினவருடி மாமா. நைனாவ கட்டிக்கச் சொல்றாப்பல கீது" என்றாள். அம்மாவிடம் சொல்லேன் என்றதற்கு, "சொன்னேன். தலய ஆட்டிட்டு இப்ப இன்னாடி பேச்சுன்றாங்க" என்றாள். ஆவணி வருவதற்கு அதிக நாள் இல்லை. ஆட்டுக்கும் அவளுக்கும் அடுத்தடுத்து நாள் குறித்துவிட்டார்களே என்று எனக்குச் சோறு இறங்கவில்லை.

ஆடிச் சாத்தரை, அதுதான் கங்கம்மா திருவிழா, வந்தது. விடியலில் கங்கம்மா கோயில் வாசலில் ஊரே கூடியிருந்தது. மாமாவும் புது வேட்டியோடு வந்திருந்தார். வேப்பிலை மாலை போட்டு எங்கள் கடாவை இழுத்து வந்தார்கள். கூட்டத்தில் என்னைப் பார்த்துவிட்டு, தழை கொண்டு வந்திருக்கிறாள் என்று நினைத்ததோ என்னவோ, ஒரு குரல் கொடுத்தது பாருங்கள், இப்போதும் என் காதில் இருக்கிறது. பூசாரி செம்பைக் கவிழ்த்தார். கடா அசையவில்லை. மறுபடி ஊற்றினார். அது உடம்பைக் குலுக்கி உதறியது. பம்பைக்காரர் குச்சியை ஓங்கினார்.

"குளுருதுடா அதுக்கு!"

அது அக்காவின் குரல். பெரியவர்கள் முன்னால் நின்று பேசியே அறியாதவள், தலைமுடி அவிழ, கூட்டத்தைப் பிளந்துகொண்டு போய் ஆட்டின் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். "குளுருதுடா! அது ஒண்ணும் சொல்லலடா! கேக்காம கேக்காம எல்லாத்தையும் வெட்டுவீங்களாடா?" என்று பூசாரியை, நைனாவை, மாமாவை, வரிசையாக "டா" போட்டுக் கத்தினாள். அடி விழப்போகிறது என்று நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

அடி விழவில்லை. தெலுங்குக்காரரான பூசாரி கத்தியைக் கீழே போட்டுவிட்டு, "அம்ம ஒச்சிந்தி! அம்மவாரு ஒச்சிந்தி!" என்று அலறினார். அம்மன் வந்துவிட்டாளாம்! கூட்டம் முழுக்க அப்படியே தரையில் சாய்ந்தது. ஒரு வயசுப் பெண் தன் நைனாவை "டா" போட்டால் அது அவளாக இருக்க முடியாது, அம்மனாகத்தான் இருக்கும் என்று அத்தனை பேருக்கும் சந்தேகமே இல்லாமல் தெரிந்துவிட்டது. நைனா, எங்கள் நைனா, பெற்ற மகளின் காலில் நெடுஞ்சாண்கிடையாக விழுந்து, "இன்னா வேணும் தாயே? கேளு தாயே" என்று தேம்பினார்.

அக்கா பதறிப்போய்விட்டாள். "நைனா, எந்திரி நைனா, நான்தான்..." என்று குனிந்தாள். "அம்மன் மங்கா கொரல்லயே பேசுறா பாரு!" என்று பின்னாலிருந்து ஒருத்தி மெய்மறந்தாள். அப்போது அக்கா என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையை நான் சாகும்வரை மறக்க மாட்டேன். நான்தான் என்று அடித்துச் சொன்னால் ஆடும் போகும், ஆவணியில் அவளும் போவாள். அது அவளுக்கும் புரிந்தது, எனக்கும் புரிந்தது. நிமிர்ந்தாள். "ஆட்ட வுடு. மங்காவுக்குக் கல்யாணம் வாணாம்" என்றாள். "உத்தரவு தாயே" என்றார் நைனா. ஆறு மாதமாக அக்கா சொல்ல முடியாததை அம்மன் ஒரே மூச்சில் சொல்லி முடித்துவிட்டாள். மாமா கன்னத்தில் போட்டுக்கொண்டு அன்றைக்கே ஊர் திரும்பினார்.

ஆடு பிழைத்தது. அம்மன் ஆடு என்று ஊரில் எவன் கேழ்வரகிலும் வாய் வைத்துக்கொண்டு, அடிக்க ஆளில்லாமல் கொழுத்து, கிழடாகித்தான் செத்தது. அக்காவுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. அம்மன் இறங்கிய பெண்ணை எவன் கட்டுவான்? ஒவ்வொரு ஆடியிலும் அவளைக் கோயில் வாசலில் உட்காரவைத்து, தலையில் மஞ்சள் தண்ணீரை ஊற்றிவிட்டு ஊரே மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றது. அவள் சிலிர்ப்பாள். "வந்துட்டா, வந்துட்டா" என்று விழுவார்கள். அவளும் சும்மா சொல்லக்கூடாது, கிடைத்த வாயை வீணாக்கவில்லை. "குடிச்சுப்புட்டு பொண்டாட்டி மேல கை வெச்சே, கண்ண நோண்டிப்புடுவேன்" என்று எத்தனை குடும்பத்தைத் திருத்தினாள் தெரியுமா? எல்லை பிரிந்து திருத்தணி அந்தப் பக்கம் போனபிறகு, மாமாவே தம் புதுப் பெண்டாட்டியோடு பஸ் ஏறி வந்து, குழந்தை வரம் கேட்டு அவள் காலில் விழுந்தார். நான் வாயில் முந்தானையைத் திணித்துக்கொண்டேன், சிரிப்பா அழுகையா என்று எனக்கே தெரியவில்லை.

நான் திருப்பதியில் டீச்சராகி, குழந்தைகளுக்குக் கதை எழுதுகிறவளானேன். நாய், காக்கை, பொதி சுமக்கும் கழுதை என்று எல்லாம் என் கதைகளில் தாமே பேசும். எப்படி அம்மா விலங்கு மாதிரியே யோசிக்கிறீர்கள் என்று கேட்கிறவர்களிடம், முதலில் தலையில் தண்ணீர் ஊற்றிக்கொள்ளுங்கள் என்பேன். வேடிக்கை என்று நினைத்துக்கொள்வார்கள்.

போன ஆடிக்கு ஊருக்குப் போயிருந்தேன். நாங்கள் படித்த பள்ளியில் தமிழ் வகுப்பு எப்போதோ எடுபட்டுவிட்டது. கிணற்றை மூடி அதன்மேல் மோட்டார் கொட்டகை கட்டியிருக்கிறார்கள். அக்கா எலும்பும் தோலுமாக, நெஞ்சுச் சளியோடு, அப்போதும் கோயிலுக்குப் புறப்பட்டுக்கொண்டிருந்தாள். வேண்டாம் என்றால் ஊர் விடுமா? சட்டென்று ஒன்று தோன்றி, அது இத்தனை வருடம் தோன்றாமல் போனதே என்று என் தலையில் நானே அடித்துக்கொண்டேன். கெட்டிலை அடுப்பில் வைத்தேன். பூசாரியின் பேரன் கேட்ட மஞ்சள் தண்ணீரை நானே கலந்து, பதமான வெந்நீராகச் செம்பு செம்பாகக் கொடுத்தேன்.

ஊற்றினான். அக்கா அசையவில்லை. இன்னொரு செம்பு. ஆவி பறந்த முகத்தோடு, சுகமாகக் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மூன்றாவதற்கும் அசையாததைப் பார்த்து, கூட்டம் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டது. "அம்ம எள்ளிபோயிந்தி" என்றான் பையன், மெல்ல. போய்விட்டாள். ஒவ்வொருவராகக் கும்பிட்டுவிட்டுக் கலைந்தார்கள்.

வாசல் காலியானதும் அக்கா கண்ணைத் திறந்து செம்பைத் தொட்டுப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "அடிப்பாவி, இத அப்பவே செஞ்சிருக்கக் கூடாதாடி?" என்றாள். பிறகு முந்தானையால் தலையைத் துவட்டிக்கொண்டே, "பசிக்குது, துன்ன இன்னா கீது?" என்று கேட்டாள்.