வேகாத வான்கோழி

ஆடி முடிந்து அக்காவை அழைத்துப்போக மாப்பிள்ளை வீட்டார் வருகிற அன்று, அவர்கள் முன்னால் ஒரு முழு வான்கோழியை வைத்தே தீருவது என்று அப்பா முடிவெடுத்துவிட்டார். நாட்டுக்கோழி எல்லார் வீட்டிலும் போடுவது. துண்டு போட்டுவிட்டால் வான்கோழியும் வெறும் கறிதான். முழுசாக வைத்தால்தான் வைத்தவன் கை தெரியும் என்பது அவர் கட்சி. பொள்ளாச்சிப் பக்கம் கொப்பரைக் களம் வைத்திருந்தவருக்குச் சமையலில் இத்தனை ஞானம் உண்டு என்று எங்களுக்கு அதுவரை தெரியாது. சமைக்கப்போகிற அம்மாவை ஒரு வார்த்தை கேட்கவில்லை.

அக்காவுக்குக் கல்யாணமாகி நான்கு மாதம். முதல் ஆடி என்பதால் அந்த மாதம் முழுக்க எங்களோடு இருந்தாள். எனக்கு ஒன்பது வயது. வந்த புதிதில் கேட்டதற்கு மட்டும் பதில் சொல்லிக்கொண்டிருந்தவள், ஆடிப்பெருக்கு கழிந்த பிறகுதான் பழையபடி சிரித்தாள். மாதக் கடைசி நெருங்க நெருங்க மறுபடியும் வாயை மூடிக்கொண்டாள். வீட்டில் இதைக் கவனித்தது நான் ஒருத்திதான் என்று எனக்குக் கொஞ்சம் கர்வம்கூட இருந்தது.

புதன்கிழமை சாயங்காலம் வான்கோழி சாக்கில் வந்து இறங்கியது. ஒரு ஆள் தூக்கத் திணறுகிற கனம். அறுத்து, இறகு பறித்து, காய்ந்த தென்னோலைத் தீயில் வாட்டி, மஞ்சள் பூசிக் கழுவி, கத்தியால் அங்கங்கே கீறி மசாலாவை அப்பி வைத்தார்கள். மறுநாள் காலையில் வயிற்றுக்குள் வதக்கிய சின்ன வெங்காயமும் அவித்த முட்டையும் அடைத்து, அம்மா கோணி ஊசியால் தைத்தாள். அக்கா இரண்டு பக்கத் தோலையும் சேர்த்துப் பிடித்திருந்தாள். நான் காலைப் பிடித்திருந்தேன்.

"அம்மா, இன்னொரு பத்து நாள் இருந்துட்டுப் போறனே" என்றாள் அக்கா. குரல் எனக்கே சரியாகக் கேட்கவில்லை.

"ஆடிதான் முடிஞ்சுருச்சே கண்ணு. மாப்ள ஊட்டுல என்ன நெனைப்பாங்க? தோலை நல்லா இழுத்துப் புடி."

அக்கா இழுத்துப் பிடித்தாள். 

எங்கள் வீட்டில் கவுச்சியெல்லாம் வெளி அடுப்பில்தான். பெரிய அண்டாவில் வான்கோழியை இறக்கி, மூடியின் மேலும் கங்கு போட்டு, மூன்று மணி நேரத்துக்குக் குறையாமல் தீ நின்று எரிய வேண்டும் என்று சொல்லி, அடுப்புக்குள் தென்னை மட்டை தள்ளிவிடும் வேலையை அம்மா என்னிடம் ஒப்படைத்தாள். அப்பா ஒன்றரைக்குள் பந்தி முடிய வேண்டும், மூன்று மணிக்கு ராகுகாலம் கழிந்ததும் புறப்பாடு என்று காலையிலிருந்தே எல்லாரையும் விரட்டிக்கொண்டிருந்தார். நான் ஒரு கணக்குப் போட்டேன். இன்று வியாழன். வெள்ளிக்கிழமை பெண்ணை அனுப்பமாட்டார்கள். சனிக்கிழமையும் ஆகாது. சாப்பாடு தாமதமாகி இன்றைய நேரம் தவறிப்போனால், ஞாயிறு வரை அக்கா எங்களோடுதான்.

அம்மா உள்ளே போனதும் எரிகிற மட்டைகளை ஒவ்வொன்றாக வெளியே இழுத்து மண்ணில் குத்தி அணைத்தேன். காலடிச் சத்தம் கேட்டால் ஒன்றை உள்ளே தள்ளுவேன். ஒரு தடவை நிமிர்ந்தபோது தண்ணீர்த் தொட்டிப் பக்கம் குடத்தோடு அக்கா நின்றுகொண்டிருந்தாள். பார்த்துவிட்டாள். திட்டப்போகிறாள் என்று பயந்தேன். அவள் குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

என் கணக்கு அங்கேதான் பிசகியது. மூடி மேலிருந்த கங்கு வான்கோழியின் முதுகை நன்றாகச் சிவக்க வைத்திருந்தது. வாசலில் கார் வந்து நின்ற பதற்றத்தில் அம்மா மூடியைத் திறந்தாள், தொடையில் ஒரு கம்பியைக் குத்தினாள், உள்ளே இறங்கியது. "வெந்துருச்சு" என்றாள். உள்ளே வேகவில்லை என்பது எனக்கு மட்டும் தெரியும். வாயைத் திறக்கவில்லை.

பெரிய தட்டில் வாழையிலை விரித்து, அதன்மேல் வான்கோழியை வைத்து, அப்பாவே சுமந்து வந்தார். அத்தனை பூரிப்பாக அவர் முகத்தைக் கல்யாணத்தன்றுகூட நான் பார்த்ததில்லை. மாப்பிள்ளை கத்தியை வாங்கி நெஞ்சுப் பக்கம் ஒரு கீற்று அறுத்தார். ரத்தம் கலந்த நீர் இலையில் வழிந்து, பக்கத்திலிருந்த வெள்ளைச் சோற்றில் ஏறியது. அப்பாவின் கை தட்டின் விளிம்பிலேயே இருந்தது.

"பரவாயில்லீங்க சம்பந்தி" என்றார் மாப்பிள்ளையின் அம்மா. எங்கள் ஊர்ப் பேச்சில் எவ்வளவு மரியாதையாகவும் ஒரு ஆளைக் குத்தலாம். "அடுப்பை யாரு பாத்துக்கிட்டதுங்க?"

அம்மாவின் பார்வை என் பக்கம் திரும்பியது. என் கையெல்லாம் கரி. அதற்குள் அக்கா முன்னால் வந்துவிட்டாள்.

"நான்தானுங்க அத்தை. போனைப் பாத்துக்கிட்டே நின்னதுல தீ அமந்துபோனது தெரியலைங்க."

"அதான பாத்தேன்" என்றார் அந்த அம்மா. சொன்னது அக்காவிடம், பார்த்தது மகனை. மகன் இலையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

வான்கோழியைத் துண்டு போட்டு மறுபடி வேக வைக்கிறேன், கொஞ்சம் பொறுங்கள் என்று அம்மா கெஞ்சினாள். ரசம் போதும் என்றுவிட்டார்கள். சரியாக மூன்று மணிக்குக் கார் கிளம்பியது. ஏறுவதற்கு முன் அக்கா என் கையைப் பிடித்து, விரலில் இருந்த கரியைத் தன் சேலை முந்தானையால் துடைத்துவிட்டாள். சாயங்காலம் வறுத்த வான்கோழி மிகவும் ருசியாக இருந்தது. வெட்கமில்லாமல் இரண்டு முறை வாங்கித் தின்றேன்.

மாட்டிக்கொள்ளாமல் தப்பித்தேன் என்ற நிம்மதி இரண்டு நாள்தான் இருந்தது. அப்புறம் அக்காவிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும்போல் தவித்தது. பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் அப்பாவின் போனை எடுத்து அவளைக் கூப்பிடுவேன். மணி அடித்து அடித்து ஓயும். கொஞ்சம் பொறுத்து மறுபடி கூப்பிடுவேன். ஒரு நாளில் நான்கு தடவைகூட. அவள் எடுக்கவே இல்லை.

அக்கா அந்த வீட்டைவிட்டு ஒரேயடியாக வந்தது மூன்று வருஷம் கழித்து. இப்போது கோவையில் வேலை பார்க்கிறாள். நான் கல்லூரியில் சேர்ந்த பிறகு ஒரு நாள், வேறு எதையோ பேசிக்கொண்டிருந்தபோது, சாதாரணமாகச் சொன்னாள். போனே கதி என்று கிடக்கிறாள் என்பது அந்த மாமியாரின் பழைய புகாராம். எங்கள் வீட்டுப் பந்தியில் மருமகளே அதை ஒப்புக்கொண்டதாக ஆகிவிட்டது. போன அன்றைக்கே போனைப் பிடுங்கி பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டார்கள். யார் கூப்பிடுகிறார்கள் என்று பார்க்கச் சார்ஜ் மட்டும் போட்டு வைப்பார்களாம். அது உள்ளே அடிக்கும்போதெல்லாம், "பாரு, உங்கூட்டுல இருந்து எத்தன தடவ" என்று அவளை நிற்க வைத்துப் பேசுவார்களாம். சில நாள் பேச்சோடு நிற்கவில்லை.

ஒன்பது வயதில் எனக்கு இது ஒன்றும் தெரியாது. அக்காவுக்கு என்மேல் இன்னும் கோபம் தீரவில்லை என்று நினைத்தேன். விடாமல் கூப்பிட்டால் என்றைக்காவது மனமிரங்கி எடுப்பாள் என்று, மறுநாளும் கூப்பிட்டேன்.