துணி காயப்போடத் தடையுள்ள வெயில்

பெர்த் நகரத்தில் வெயிலைப் புகழ்ந்து பேசுகிறார்கள். காலையில் பஸ்ஸில் ஏறினால் ஓட்டுநர், "அழகான நாள், இல்லையா?" என்கிறார். காபிக் கடையில் அதையே சொல்கிறார்கள். ஆய்வுக்கூடத்தில் எங்கள் பேராசிரியையும் ஜன்னலைப் பார்த்து அதையே சொல்கிறார். வந்த புதிதில், மேகம் ஏதாவது கூடியிருக்கிறதா என்று ஒவ்வொரு முறையும் அண்ணாந்து பார்த்தேன். எங்கள் கும்மிடிப்பூண்டியில் மூட்டம் போட்டால்தான் அது நல்ல நாள். இங்கே முப்பத்தெட்டு டிகிரியில் மண்டை கொதிக்க, சன்ஸ்கிரீனை முகத்தில் மாவு மாதிரி அப்பிக்கொண்டு, "ஆமாம், மிக அழகு" என்று பல்லைக் கடித்தபடி பதில் சொல்லப் பழகிவிட்டேன். அதுகூடப் பரவாயில்லை. இவ்வளவு புகழப்படும் அந்த வெயிலில் ஒரு துண்டைக் காயப்போட எனக்கு அனுமதியில்லை. ஊரில் இருப்பவர்கள் நம்பமாட்டார்கள், ஆனால் ஓராண்டாக என் உயிரை வாங்கிய விஷயம் இதுதான்.

உணவு அறிவியலில் முதுகலை படிக்க வந்த எனக்கு, சிலி நாட்டுப் பெண்ணான லூசியாவின் நான்காவது மாடி வீட்டில் ஓர் அறை கிடைத்தது. பால்கனி முழுக்க வெயில். முதல் ஞாயிற்றுக்கிழமையே கயிறு கட்டித் துவைத்ததையெல்லாம் போட்டேன். ஒரு மணி நேரத்தில் மொரமொரவென்று காய்ந்துவிட்டது. வெள்ளைக் குர்த்தாவை எடுத்து விரலால் தேய்த்துப் பார்த்தேன். விரலில் ஒன்றும் ஒட்டவில்லை. உடனே அம்மாவுக்கு வீடியோவில் கூப்பிட்டேன்.

"இன்னாடி இது, வெளியவா போட்டுக்கீற?"

"ஆமாம்மா. காலையிலேர்ந்து வெளியதான் கீது."

"கிட்ட காட்டு. காலரத் திருப்பு. அட, அப்படியே வெள்ளையா கீதே!"

கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிற்பேட்டைக்குப் பின்புறத் தெருவில் வளர்ந்தவர்களுக்கு அம்மாவின் வியப்பு புரியும். எங்கள் வீட்டில் துணி கூடத்தில்தான் காயும், ஃபேனுக்கு அடியில். வெளியே போட்டால் கடுகு தூவியது போலக் கறுப்புப் பொடி படிந்துவிடும். எந்தக் கம்பெனிப் புகை என்று கேட்டால் எல்லோரும் பக்கத்துக் கம்பெனியைக் கைகாட்டுவார்கள். ஒன்பதாம் வகுப்பில் ஒருமுறை அம்மா காய்ச்சலில் படுத்திருக்க, நானே சீருடையைத் துவைத்து மாடியில் போட்டேன். மறுநாள் அணிவகுப்புப் பயிற்சியில் விளையாட்டு டீச்சர் என்னை மட்டும் வரிசையிலிருந்து வெளியே இழுத்து, "வெள்ளச் சட்ட எங்க?" என்றார். "இதுதான் டீச்சர்" என்றேன். மைதானமே சிரித்தது. காய்ச்சலோடு அம்மா அன்று மதியம் பள்ளிக்கு வந்தாள். "எங்க தெருவுல வந்து ஒரு நாளு துணி காயப்போட்டுப் பாருங்க டீச்சர். அப்பால என் பொண்ணக் கேளுங்க" என்று சொல்லிவிட்டு, அவர் பதிலுக்குக்கூட நிற்காமல் என்னை அழைத்துக்கொண்டு போனாள்.

அதனால் ஞாயிறுதோறும் அம்மா கூப்பிட்டது என்னைப் பார்க்க அல்ல, கொடியைப் பார்க்க. "நீ தள்ளு, அந்தப் போர்வையக் காட்டு" என்பாள்.

ஒரு மாதம் போவதற்குள், பால்கனியில் துணி காயப்போடக் கூடாது என்று கதவுக்கு அடியில் ஒரு கடிதம் வந்தது. அதனுடன் எங்கள் பால்கனியின் புகைப்படம். என் நைட்டியைச் சுற்றிச் சிவப்பு மையில் வட்டம். கட்டட மேலாளர் கிரகாமிடம் நேரில் போனேன். மிகவும் மரியாதையான மனிதர், அதுவே எனக்கு எரிச்சல்.

"துணி யார் தலையிலாவது விழுந்ததா?" என்றேன்.

"இல்லையில்லை. வெளியிலிருந்து பார்க்க நன்றாக இல்லை, அவ்வளவுதான்."

அழுக்குத் துணி என்று நினைக்கிறாரோ என்று, "எல்லாம் துவைத்த துணி" என்றேன்.

அவர் குழம்பிப்போய், "துணி உலர்த்தும் டிரையர் வேலை செய்யவில்லையா? ஆள் அனுப்பட்டுமா?" என்றார்.

"வெயில் இருக்கிறதே!" என்று ஜன்னலைக் காட்டினேன்.

கிரகாம் திரும்பிப் பார்த்தார். முகம் மலர்ந்தது. "ஆமாம், அழகான நாள்."

இதற்குமேல் யாரிடம் என்ன பேசுவது? பிடிவாதமாக அடுத்த ஞாயிறும் போட்டேன். இரண்டாவது கடிதம் லூசியாவின் பெயருக்கு வந்தது. ஒப்பந்தம் அவள் பெயரில்தான் இருந்தது. மூன்றாவது கடிதம் வந்தால் வீட்டைக் காலி செய்ய வேண்டும். வகுப்புகள் தொடங்கிய நேரத்தில் இந்த ஊரில் வீடு தேடுவது எப்படி என்று இங்கிருப்பவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. "உன் அம்மா பார்ப்பதற்காக நான் தெருவில் நிற்க முடியாது" என்றாள் லூசியா. அவள் சொன்னது நியாயம். நியாயமாக இருந்ததுதான் ஆத்திரத்தை இன்னும் கூட்டியது. கயிற்றை அவிழ்த்தேன். டிரையரில் போட்ட குர்த்தா சின்னப் பிள்ளைச் சட்டை போலச் சுருங்கி வந்தது.

"கயிறு எங்கடி?" என்றாள் அம்மா அந்த ஞாயிறு.

"இங்க மழைம்மா."

"பொய் சொல்லாத. அங்க வெயிலடிக்குதுன்னு எனக்கு போன்லயே காட்டுது."

உண்மையைச் சொன்னேன். "வெயிலு கீது, தூசி இல்ல. அப்புறம் இன்னாத்துக்கு வேணாங்கிறான்? பேஜாரு புடிச்ச ஊரா கீதே" என்றாள் அம்மா. பிறகு, "அந்தப் பொண்ணாண்ட சண்ட போட்டுக்கினு இருக்காத" என்று வைத்துவிட்டாள். அதன்பின் ஞாயிற்று அழைப்புகள் ஐந்து நிமிடத்தில் முடிந்தன.

டிசம்பர் விடுமுறையில் ஊருக்குப் போனேன். இரண்டாம் நாள் காலை அம்மா சந்தைக்குக் கிளம்பியதும், அவளுக்கு உதவியாக இருக்கட்டும் என்று ஊறிக்கிடந்த துணியையெல்லாம் துவைத்தேன். அமாவாசைக்குத் திருவள்ளூர் பெருமாள் கோயிலுக்குக் கட்டிப்போக அப்பா எடுத்துவைத்திருந்த வெள்ளை வேட்டியும் அதில் இருந்தது. அலசிப் பிழிந்து, மாடியில் அகலமாக விரித்துப் போட்டுவிட்டு வந்து படித்துக்கொண்டிருந்தேன்.

அம்மாவின் கூச்சல் தெருமுனை வரை கேட்டிருக்கும். "எவடி இத வெளிய போட்டவ? நாளைக்கி உங்க நைனா இன்னாத்தக் கட்டிக்கினு போவாரு? எல்லாம் மறந்து போச்சா உனுக்கு?"

மேலே ஓடிப்போய்ப் பார்த்தேன். வேட்டி முழுக்கக் கறுப்புப் புள்ளிகள். உண்மையில் எனக்கு மறந்துதான் போயிருந்தது. ஒரு புள்ளிச் சட்டைக்காக மைதானத்தின் நடுவில் நின்றவள், பத்தே மாதத்தில் மறந்துவிட்டேன். அம்மாவின் கோபத்தைவிட அதுதான் வலித்தது.

அம்மா மறுபடி சோப்புப் போட்டாள். நான் தண்ணீர் மோந்து ஊற்றினேன். நான்கு அலசலுக்குப் பிறகு ஒரு முனையை என்னிடம் நீட்டினாள். பிழிய ஆரம்பித்தபோது என்னைப் பார்க்காமலேயே கேட்டாள்: "உங்க ஊட்டுக்கு என்னிக்கித் திரும்பிப் போற?"

"எந்த ஊட்டுக்கு?"

அம்மாவின் கை நின்றது. தான் சொன்னது அப்போதுதான் அவள் காதிலேயே விழுந்தது போலிருந்தது. "அதான்... அங்க" என்றாள்.

எனக்கு விமானத் தேதி தெரியும். அதைச் சொல்லாமல் வேட்டி முனையைக் கை மாற்றிப் பிடித்தேன்.

"சரி, இறுக்கிப் புடி. நழுவுது" என்றாள். அவள் ஒரு பக்கம் முறுக்கினாள். நான் எதிர்ப்பக்கம் முறுக்கினேன். எங்களுக்கு நடுவில் வேட்டி புரியேறி விறைத்துக்கொண்டு நிற்க, கலங்கல் தண்ணீர் இரண்டு பேர் காலிலும் வழிந்தது.