மீன் குளிரவைத்த பேய்ப்புகை

அந்த வருட ஹாலோவீனுக்குப் பேய் தயாராக இருந்தது. பழைய கட்டில் விரிப்புக்குள் என் தங்கை. புகைதான் இல்லை. இனிப்புக் கேட்டு வரும் அடுக்குமாடிப் பிள்ளைகளில் ஒருத்தராவது எங்கள் வாசலில் அலறி ஓட வேண்டும். அதற்குத் தரையோடு ஊரும் புகை வேண்டும் என்று, பத்து வயதில் டேனிஷ் நகரமான ரண்டர்ஸின் தலைசிறந்த விஞ்ஞானியாக இருந்த நான் முடிவு செய்தேன்.

குப்பை அறையில் தூசி உறிஞ்சியின் குழாய் ஒன்றும் பெயின்ற் வாளியும் கிடைத்தன. பிஸ்கட் தகரப்பேணியில் கரி மூட்டி, அதன்மேல் அம்மாவின் வெள்ளிக்கிழமைச் சாம்பிராணியைத் தூவி, சைக்கிள் பம்பால் காற்றடித்தேன். புகை வந்தது. வந்த வேகத்தில் வானத்துக்குப் போயிற்று. சூடு! அப்படியானால் குளிரவைத்தால்? புகையைக் குழாய் வழியே வாளிக்குள் விட்டு, பனிக்கட்டி போட்டேன். போதவில்லை. குளிர்ப்பெட்டியில் கல்லாகக் கிடந்த விளைமீன் பொதிகள் இரண்டை வாளிக்குள் இறக்கினேன். புகை மீன்களைத் தடவிக்கொண்டு வெளியே வந்து, படுத்து, ஊர்ந்தது. பேய் கைதட்டியது.

குழாய் மூட்டுகளில் கசிவு. அதற்கும் வீட்டில் பொருள் இருந்தது. அம்மா மீன் பொரிக்கும்போது ஜன்னல்களைச் சாத்தி, இடுக்கில் ஒரு பழைய குளியல் துவாயைச் செருகுவார். மேல்வீட்டு டேனிஷ்காரப் பெண் ஒருமுறை மாடிப்படியில் நின்று மூக்கை உறிஞ்சியதைக் கண்ட நாளிலிருந்து அப்படி. “மணம் போனால் வீட்டை விட்டு எழுப்பிப்போடுவினம்,” என்பார். அந்தத் துவாயை நான்காக வெட்டி மூட்டுகளில் சுற்றினேன்.

ஐந்து மணிக்கே இருட்டிவிட்டது. பிள்ளைகள் வந்தார்கள். புகை அழகாக ஊர்ந்தது. ஒருத்தரும் அலறவில்லை. “கோயில் மாதிரி மணக்குது,” என்றது என் பேய், டேனிஷில். அடுத்து மேல்வீட்டுப் பெண் இறங்கி வந்தார். அவரைக் கண்டதும் அம்மா ஓடிவந்தார். டேனிஷில் அம்மாவுக்கு மிகச் சரளமாக வருவது மன்னிப்புக் கேட்பது. மூன்று தரம் கேட்டார். அந்தப் பெண்ணோ வாளிக்குள் எட்டிப் பார்த்து, மீனைக் காட்டி, கடகடவென்று ஏதோ சொன்னார்.

“என்னவாமடா?”

“இப்ப மீன் பொரிக்கிறேல்லையோ எண்டு கேக்கிறா. முந்தி படியில நிண்டு மணந்து பாக்கிறவவாம். தனக்கு நல்ல விருப்பமாம்.”

“என்னைப் பேய்க்காட்டாதை.”

“சத்தியமா, அம்மா!”

அம்மா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். அந்தப் பெண்ணும் சிரித்தார். எனக்கோ அழுகை வந்தது. பேய்வீட்டு வாசலில் இரண்டு பெண்கள் நின்று மீனைப் பற்றிக் கதைத்தால் எந்தப் பிள்ளைதான் பயப்படும்?

மறுநாள் உருகிய மீனைப் பொரித்தே ஆகவேண்டியிருந்தது. ஜன்னல்கள் இரண்டும் அகலத் திறந்து கிடந்தன. தங்கை குளிருக்கு ஜாக்கெட் போட்டபடி சாப்பிட்டாள். துவாயைக் காணாமல்தான் அம்மா ஜன்னலை இப்படித் திறந்து வைத்திருக்கிறார், விசாரணை எந்த நிமிடமும் தொடங்கலாம் என்று பயந்து, முள்ளைக்கூடச் சத்தமில்லாமல் எடுத்தேன்.

விசாரணை வரவேயில்லை. மனச்சாட்சி உறுத்த, குப்பை அறையில் வேறொரு துவாயைத் தேடியெடுத்து, துவைத்து, மடித்து, ஜன்னலடியில் வைத்தேன். அம்மா அதை எடுத்து நிலம் துடைத்தார்.

பாவம், அம்மாவுக்கு ஞாபகமறதி வந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டேன்.